மில் சங்கு ஊதிய சாயங்காலம்

தண்ணீரைக் கண்டால் பயம் என்று சொல்லிக் குளிக்காமல் தப்பித்துக்கொண்டிருந்த பையன் நான். அந்தப் பொய் ஒரு கார்த்திகை மாதத்தில் நிஜமாகிவிட்டது.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஐந்தாம் வகுப்பு. மலையில் விடாமல் மழை. சேத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்று பட்டப்பகலில் உடைந்து, அந்த ஊர்ப் பள்ளத்துத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மண்சுவர் வீடுகள் வெல்லக்கட்டி மாதிரி கரைந்தன. சில உயிர்களும் போயின. எத்தனை என்று வீட்டில் பேசும்போது என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் கணக்கை நானே என் இஷ்டத்துக்குப் பெருக்கிக்கொண்டு நடுங்கினேன்.

மறுநாள் அத்தை, அப்பாவின் தங்கை, அங்கிருந்து கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு எவர்சில்வர் குடம். பின்னால் மாமா. ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வீட்டு நிலைக்கும் அவர் நெற்றிக்கும் எப்போதும் பகை, அன்றைக்கும் இடித்துக்கொண்டார். அவர் கழுத்தில் வேட்டிக் கிழிசலில் கட்டிய ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ தொங்கியது. வெள்ளத்திலிருந்து அவர் மீட்டு வந்தது அதை மட்டும்தான்.

"வீடு?" என்றாள் அம்மா.

"கரைஞ்சிருச்சு மதினி," என்றாள் அத்தை. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். 

மாமா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். வேலை என்றால், கூடைப்பந்து ஆடுவதற்காகச் சேர்த்துக்கொண்ட வேலை. காலையில் ஸ்பின்னிங், சாயங்காலம் பந்து. மூன்று வருஷமாக டெம்பரரி. இந்த வருஷத்து அகில இந்தியப் போட்டியில் மில் அணி கோப்பை வாங்கினால் பெர்மனென்ட் ஆக்கிவிடுவோம் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். பெர்மனென்ட் ஆனால் மில் குடியிருப்பில் ஒரு வீடு உண்டு. காரை வீடு. கரையாது.

எங்கள் ஊரில் அந்தப் போட்டியை நடத்துகிற கமிட்டிக்குச் செயலாளர் வேறு யாருமில்லை, என் அப்பாதான். 

இதற்கிடையில் என் பயத்துக்கு ஊரே சேர்ந்து தீனி போட்டது. எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த கண்மாயின் கரையும் கசிகிறது என்று பேச்சு. சாக்கில் மண் கட்டி அடுக்கியிருந்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்: இனிமேல் ஷிப்டுக்கு மில் சங்கு ஊதாது, ஊதினால் கண்மாய் உடைந்துவிட்டது என்று பொருள், எல்லோரும் மேட்டுக்குப் போய்விட வேண்டியது.

பிறந்ததிலிருந்து அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எழுந்தோம், பள்ளிக்கூடம் போனோம், சாப்பிட்டோம். அது வாயை மூடியதும் ஊருக்கே காது நீண்டுவிட்டது. பால்காரன் சைக்கிள் பிரேக் பிடித்தால்கூடத் தெருவில் நாலு தலைகள் எட்டிப் பார்க்கும். நான் எட்டிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. கிணற்றில் நீச்சல் பழகுகிற பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைத் தேடிப் பிடித்து, காற்றடித்து, பூணூல் மாதிரி குறுக்கே மாட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியேதான் போனேன். வெள்ளக் காலத்தில் ஒரு பையன் மட்டும் எப்படிக் கொழுக்கிறான் என்று வாத்தியார் சந்தேகத்தோடு பார்த்தார்.

போட்டியை நடத்துவதா வேண்டாமா என்று பேச கமிட்டி எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்தான் வழக்கமாக வெளியூர் ஆட்டக்காரர்கள் தங்குவார்கள். இப்போது அந்த வகுப்பறைகளில் சேத்தூர்ப் பக்கம் வீடு போன சனங்கள் கிடந்தார்கள்.

அன்று காலையில்தான் அப்பா அடுக்களையில் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "நடத்துனா, தங்கச்சி மாப்பிள்ள வேலைக்காக நடத்துறேன்னு ஊரு சொல்லும். நடத்தாட்டி அவன் பொழப்பு போச்சு. நான் எந்தப் பக்கம் பேச?"

கூட்டத்தில் அவர் நடத்தக் கூடாது என்ற பக்கமே பேசினார். அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக. வருஷம் முழுக்க அந்தப் போட்டியைப் பற்றியே கனாக் காண்கிற மனிதர், "எழவு விழுந்த ஊருல பந்து தட்டுதானுகன்னு நம்ம மூஞ்சில காறித் துப்புவான்" என்று மேசையைத் தட்டினார்.

கமிட்டித் தலைவர் பக்கத்துத் தெருத் தெலுங்குக்காரர். கோபத்திலும் அலுப்பிலும் மட்டும் அவருக்குத் தெலுங்கு வரும். "வடக்கேருந்து டீம் ரயிலேறிட்டான். அவனுக்கு என்ன சொல்ல?" என்றார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், டிக்கெட் வசூலை வீடு போனவர்களுக்கே கொடுத்துவிடலாமே என்றார். இன்னொருவர், "அங்க வகுப்புல பிள்ளையப் பறிகுடுத்தவ படுத்திருக்கா. அவ காதுகேக்க விசிலடிக்கவா?" என்றார். 

எனக்கு இரண்டு பக்க நியாயமும் விளங்கவில்லை. எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: மைதானம் பள்ளத்தில் இருக்கிறது.

அப்போதுதான் அடுக்களை வாசலில் வந்து நின்றாள் அத்தை. தோளில் குழந்தை. ஆண்கள் கூடியிருக்கிற அறைக்குள் அவள் அதுவரை தலைகாட்டியதில்லை.

"அண்ணே, நடத்துங்க."

"நீ உள்ள போ தாயி," என்றார் அப்பா.

"எங்க ஆளுகளக் கேட்டீகளா? தெனம் போயிப் பாத்துட்டுத்தான வாரேன். பொழுது சாஞ்சா சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காக. அதுவும் பள்ளிக்கூடத்துச் சுவரு. செத்த நேரம் பந்தப் பாத்தா என்ன கொறஞ்சு போகும்?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சாலு, சாலு, பேசுனது போதும். வீடு போன பொம்பளையே சொல்லிருச்சு. பொறவு நமக்கென்ன வாய்?"

அப்பா கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். எனக்கு அத்தைமேல் கோபமாக வந்தது. இவளுக்குப் பந்தாட்டத்தின்மேல் இப்படியும் ஒரு பைத்தியமா என்று நினைத்தேன்.

கமிட்டி நிபந்தனைகளோடு அனுமதித்தது. வேட்டு கிடையாது, மேளம் கிடையாது, கொடி தோரணம் கிடையாது. வெளியூர் அணிகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் பிடித்து, பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். வகுப்பறைச் சனங்களுக்கு ஆடுகளத்தின் ஓரமாக ஜமுக்காளம் விரித்து இடம் ஒதுக்கினார்கள். முதல் நாள் வெள்ளத்தில் போனவர்களுக்காக எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றோம். அந்த அமைதியில் மேற்கே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்துப் பையன், அது சோடா பாட்டில் திறந்த சத்தம் என்றான். நான் நம்பவில்லை.

தினமும் போனேன். வீட்டில் தனியாக இருக்கப் பயம், மைதானத்திலும் பயம். மைதானத்திலாவது கூட்டத்தோடு சாகலாம் என்று ஒரு கணக்கு. கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்குமே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பந்து வலைக்குள் விழுந்தால் கை தட்டுவார்கள். தட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். கைதட்டலுக்கு அடியில் சங்கு கேட்காமல் போய்விடக்கூடாதே.

மில் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. மாமா அந்த வாரம் ஆடியதுபோல அதற்கு முன்பும் ஆடியதில்லை, பின்பும் ஆடியதில்லை. அன்று சாயங்காலம் மலைமேல் மேகம் மறுபடியும் கறுத்து இறங்கியது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. மில் அணி நன்றாகவே முன்னால் இருந்தது. எதிராளி வடக்கத்தி அணி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். டியூபைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் முதல்முறையாக மேற்கே பார்க்க மறந்து ஆட்டத்தைப் பார்த்தேன்.

சங்கு ஊதியது.

ஒரு நொடி யாரும் அசையவில்லை. மாமா கையில் பந்து அப்படியே நின்றது. பிறகு கேலரி மொத்தமும் மரப்பலகை அதிர எழுந்தது. செருப்புகள் பறந்தன. வீரத்துக்குப் பேர் வாங்கிய எங்கள் ஊர் நாய் ஒன்று எல்லோருக்கும் முன்னால் ஓடியது. அப்பா மைக்கில், "யாரும் ஓட வேண்டாம், யாரும் ஓட வேண்டாம்" என்று அறிவித்துக்கொண்டே ஓடினார். வயர் தீர்கிற இடத்தில் அவர் குரல் அறுந்தது. எல்லோரும் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒருவரும் மேட்டுக்கு ஓடவில்லை. வடக்குத் தெருக்காரர் வடக்கே, தெற்குத் தெருக்காரர் தெற்கே. ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு, பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

என் கால்கள் என்னைக் கேட்காமல் ஆடுகளத்துக்குள் ஓடின. அந்த மைதானத்தில் எனக்குத் தெரிந்த உயரமான இடம் மாமா ஒருவர்தான். அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் பந்தைப் போட்டுவிட்டு என்னை அள்ளித் தலைக்குமேல் தூக்கி, "வளையத்தப் பிடிச்சுக்கோ மருமவனே, விட்டுறாத" என்றார். பிடித்துக்கொண்டேன். இழுபட்டதில் டியூபின் வால்வு கழன்று புஸ்ஸென்று காற்று இறங்க ஆரம்பித்தது.

"என்னலே, சட்டைக்குள்ள பாம்பு வச்சிருக்கியா?" என்று அந்த நேரத்திலும் கேட்டுவிட்டு மாமா ஜமுக்காளத்துப் பக்கம் ஓடினார்.

நான் கூடைப்பந்து வளையத்தில் தொங்கினேன். கைவலி தெரியவில்லை. தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும் என்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அது வந்துவிடும் என்று தோன்றியதால் இமைக்கவும் இல்லை. கேலரி காலி. கீழே வடக்கத்தி அணி ஒன்றும் விளங்காமல் நின்றது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஒருவர் நடுவரிடம் போய்க் கை நீட்டினார்; நடுவரைக் காணவில்லை.

ஜமுக்காளத்தில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். வகுப்பறைச் சனங்கள் ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் நடுவில் அத்தை. மாமா குனிந்து ஏதோ சொன்னார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டுக் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

தண்ணீர் வரவில்லை. சைக்கிளில் ஓர் ஆள் வந்தார். கண்மாய்க் கரை அப்படியே இருக்கிறது என்றார். அதற்குப் பிறகுதான் மாமா வந்து என்னை வளையத்திலிருந்து இறக்கினார்.

நடந்தது இதுதான். மில் அணி கோப்பை வாங்கினால் மில்லில் சங்கு ஊதுவது நெடுநாள் வழக்கம். வேட்டு, மேளம், தோரணம் எல்லாவற்றையும் ஞாபகமாக நிறுத்திய கமிட்டி அதை மட்டும் மறந்துவிட்டது. டெலிபோன் இருந்த கடையிலிருந்து ஓர் ஆர்வக்காரர், ஜெயித்த மாதிரிதான் என்று மில்லுக்குச் சொல்லியிருக்கிறார். சங்குக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

நடுவரை அவர் வீட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். மிச்ச நேரத்தை ஆடியே ஆகவேண்டும் என்றார் தலைவர். கேலரியில் ஆளே இல்லாமல், ஜமுக்காளத்துச் சனங்கள் மட்டும் பார்க்க, ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் கைக்கு வந்த பந்தையும் நழுவவிட்டார்கள். பாதிப் பேர் மனசு வீட்டுக்கு ஓடிப்போனது இன்னும் திரும்பவில்லை. வடக்கத்தி அணிக்குச் சங்கும் தெரியாது, கண்மாயும் தெரியாது, நன்றாக இளைப்பாறியிருந்தார்கள். ஒவ்வொரு கூடையாகப் போட்டு எட்டிப் பிடித்து, முந்தியும்விட்டார்கள். கடைசியில் மாமா எறிந்த பந்து, நான் தொங்கிய அதே வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வெளியே விழுந்தது.

ஜமுக்காளத்தில் யாரோ ஒரு கிழவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சங்குக்காகக் காது கொடுக்காமல் தட்டிய கை அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

திரும்பி நடக்கும்போது மாமா ஷூவைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தார். மேனேஜர் தோளில் தட்டி, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாராம். அத்தை இன்னும் ஒரு வருஷம் எங்கள் வீட்டிலேயே இருப்பாள் என்று அப்பா சொன்னதும் நான் துள்ளிக் குதித்தேன். யாரும் என்னோடு சேர்ந்து குதிக்கவில்லை. 

காற்றுப்போன டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை பக்கத்தில் நடந்தேன். "அம்புட்டு பேரும் ஓடுனாங்கள்ல, நீங்க ஏன் அத்தே ஓடல?" என்றேன்.

"அவிய அவிய வீட்டப் பாத்து ஓடுனாக," என்றாள் அத்தை. "நான் எந்தப் பக்கம் பாத்து ஓட, மருமவனே?"

அது எனக்குப் பெரிய வேடிக்கையாகப் பட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுநாளே பள்ளிக்கூடத்தில், ராஜபாளையமே ஓடியபோது பயப்படாமல் உட்கார்ந்திருந்தது என் அத்தை ஒருத்திதான் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.