கீழ்வீட்டு இரட்டைக்குழல்

ஆயுத பூஜைக்காக, துவாரகா ஃபிளாட்டில் அம்மாவின் பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வாசனை என்னை, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த முனிர்காவுக்கு இழுத்துப் போனது.

அங்கே கீழ்வீட்டுப் பிங்கியின் அப்பா, தசரா பூஜைக்காக இரட்டைக்குழல் துப்பாக்கியை இதே வாசனையுள்ள எண்ணெயால் துடைப்பார். அதன் பக்கவாட்டில் வெள்ளியில் செதுக்கிய காட்டுவாத்து இருக்கும். அதை விலைக்குக் கேட்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து கெஞ்சுவார்கள். எங்கள் பூஜையில் இந்த மெஷினும் அப்பாவின் ஸ்டேப்ளரும்தான். எனக்கு வயிறு எரியும்.

ஒரு தசராவில் அங்கிள் என்னைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுலதான் எல்லாத்துக்கும் சந்தனம் வைப்பீங்களே. இதுக்கும் வை, பேட்டா."

மூன்று பொட்டு வைத்தேன். அவர் திரும்பியதும் மிச்சச் சந்தனத்தை இரண்டு குழலுக்குள்ளும் விரலால் அடைத்தேன்.

மறுநாள் அங்கிள் குழலுக்குள் கம்பி விட்டு நோண்டிக்கொண்டிருந்தார். பிங்கி கண் கலங்க என்னைப் பார்த்தாள்.

"நான் தொட்டாலே அடிப்பாரு. உன்னை மட்டும் பொட்டு வைக்கச் சொன்னாரு."

அன்றுதான் என் வயிறு குளிர்ந்தது.

துப்பாக்கி இப்போது பிங்கியின் அண்ணனிடம் இருக்கிறது. அவளுக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறுதல்.