ஜடை போட்டோ ஆராய்ச்சி

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோதான் என்று நான் முழுசாக நம்பினேன். சிரிக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே பிள்ளை, மகன் என்று நாங்கள் வளர்த்த பிள்ளை, போன் செய்தது. "அப்பா, நான் பையன் இல்ல, பொண்ணு. ரொம்ப நாளாவே தெரியும். இப்பத்தான் சொல்லத் தைரியம் வந்துச்சு." கூடவே ஒரு கேள்வி. "பொங்கலுக்கு வரட்டுமா? வந்தா சுடிதார்லதான் வருவேன். வேணாம்னா சொல்லிடுங்க, இங்கயே இருந்துக்கறேன்."

"பார்க்கலாம்" என்றேன். லீவு கேட்டு வருகிறவனிடம் ஃபோர்மேன் சொல்லும் பதில்.

போனை வைத்ததும் கண் நேராக ஹால் சுவருக்குப் போனது. பிள்ளையின் முதல் மொட்டைக்கு முன் ஜடை பின்னி, பூ தைத்து, பட்டுப்பாவாடை கட்டி எடுத்த போட்டோ. "நீ கட்டிவிட்ட பாவாடைதான்டி!" என்று மனைவி மேல் பாய்ந்தேன். நாற்காலியில் ஏறிப் போட்டோவைக் கழற்றி, பீரோ மேல் சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்தேன். சுவரில் வெளுப்பாகத் தெரிந்த இடத்தை ஒரு காலண்டரால் மூடினேன். பிரச்னையைத் தீர்த்த திருப்தியில் காபி கேட்டேன். வரவில்லை.

இருந்தாலும் ஆதாரம் வேண்டுமே. மறுநாள் மைன்ஸுக்குப் போகும் ஷிஃப்ட் பஸ்ஸில், ஏதோ பொழுதுபோக்குப் பேச்சு போல ஆரம்பித்தேன். சின்ன வயதில் யாருக்கெல்லாம் ஜடை போட்டுப் போட்டோ எடுத்தார்கள்?

பஸ்ஸே விழித்துக்கொண்டது. கிடா மீசை வைத்த பண்ருட்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு எங்கக்கா பாவாடையக் கட்டி, வளையல் போட்டு எடுத்தாங்க. இன்னும் வூட்ல மாட்டிகினுதான் இருக்கு. என் பொண்டாட்டி பாத்துப் பாத்துச் சிரிக்கிறா!" பின்சீட்டிலிருந்து இன்னொருவர், "எனக்கு நெத்திச்சுட்டியே உண்டுங்க" என்றார். டிரைவர் திரும்பாமலேயே கை தூக்கினார். என் கொள்கைப்படி அந்த ஷிஃப்டில் ஓர் ஆண்கூட மிஞ்சியிருக்கக் கூடாது.

"இன்னா சார், ரிடயர் ஆயிட்டு ஸ்டுடியோ வைக்கப் போறீங்களா?" என்று மீசைக்காரர் கேட்க, பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி முடிவைச் சொன்னேன்.

"உங்கம்மா உங்களுக்கும்தான் குஞ்சலம் வச்சுப் பின்னியிருக்காங்க. நீங்க என்ன ஆயிட்டீங்க? அசடாத்தான் ஆனீங்க" என்றவள், கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா பிள்ளை உங்ககிட்ட காரணமா கேட்டுச்சு? வரட்டுமான்னுதானே கேட்டுச்சு?"

நான் போனை எடுத்தேன். அப்போதும் புத்தி சும்மா இருந்ததா? "வடலூர்லயே இறங்கிடு. நான் ஸ்கூட்டர்ல வந்து கூட்டிட்டு வரேன்" என்றேன். டவுன்ஷிப் கண்ணில் படாமல் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்கு.

"ஏம்பா, நம்ம டவுன்ஷிப் ஆர்ச் கேட்ல பஸ் நிக்காதா?"

"நிக்கும்மா. அங்கயே இறங்கு" என்றேன்.

போகிக்கு முந்தின நாள் ஆர்ச் கேட்டில் ஸ்கூட்டரோடு நின்றேன். ஊரில் இத்தனை பேர் இருக்க, மச்சானை அழைத்துப்போக வந்து பக்கத்தில் நிற்கிறார் அதே மீசைக்காரர். பஸ் வந்தது. நீலச் சுடிதாரில், தோளில் பையோடு அவள் இறங்கினாள். என்னைப் பார்த்தும் கிட்டே வராமல், படியடியிலேயே நின்றுவிட்டாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கால்கள்தான் போயின. பையை வாங்கிக்கொண்டேன்.

"யாரு சார், தங்கச்சி மவளா?"

"என் பொண்ணு."

"உங்களுக்கு ஒரே பையன்தானே?"

"அந்தப் பிள்ளைதாங்க இது."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசையைத் தடவினார். பிறகு அவளிடம், "பஸ்ல கூட்டமாம்மா? நின்னுகினே வந்தியா?" என்றார்.

"சேலத்துலதான் சீட்டு கிடைச்சுது, அங்கிள்."

எல்லாரும் அவரைப் போல இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எங்களை எடுத்துவிட்டார், இன்றுவரை பேசவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் சிலர் என் பக்கத்து சீட்டைத் தவிர்த்தார்கள். நான் பயந்ததில் பாதி நடக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் அந்தப் பொங்கலுக்கு வந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறாள். வரட்டுமா என்று கேட்பதில்லை, எந்த பஸ் என்று மட்டும் சொல்கிறாள்.