அப்பாவின் பக்கத்து வீட்டுச் சொற்கள்

காய்ச்சிய நல்லெண்ணெயின் மணம்... அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான். பாரிசவாதம் வந்த அப்பாவின் வலக்கையை அம்மா காலையும் மாலையும் எண்ணெய் பூசி உருவிவிடுவார்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். கை மெல்ல மெல்லத் தேறியது. பேச்சுத்தான் திரும்பவில்லை. திடீரென்று "படகு" என்பார். பிறகு "புல்மோட்டை". பிறகு "கோயில் மணி"...

"மூளை குழம்பிட்டுது. இனி அவருக்கு ஒண்டும் விளங்காது" என்றார் அண்ணா.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் சொன்னது எங்களுக்கு விளங்காவிட்டால் கத்துவார்; குழம்பிய மனிதருக்கு இவ்வளவு கோபம் வராது.

ஒரு பின்னேரம் "படகு, படகு" என்று தான் இருந்த கதிரையைத் தட்டினார். பார்வையோ என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையில். சட்டென்று பிடிபட்டது... வேலைக்காலம் முழுவதும் பின்னேரத் தேநீரை அவர் படகில்தான் குடித்தார்!

"தேத்தண்ணியோ அப்பா?"

"படகு!" என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. குளிக்க வேண்டுமென்றால் "கோயில் மணி". காலைப் பூசை மணி கேட்டதும் கிணற்றடிக்குப் போகிறவர் அவர். ஃபேன் போட "புல்மோட்டை". சின்ன வயதில் எங்களைக் கடற்காற்று வாங்கக் கூட்டிப்போன இடம். தேடிய சொல் கிடைக்காதபோது அதன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அண்ணா நம்பவில்லை.

ஒருநாள் நானும் அண்ணாவும் முற்றத்தில் நின்றோம். உள்ளே அப்பா அலறினார். "கந்தளாய்! கந்தளாய்!"

"அங்க போகவேணுமாம். வாடகைக்கு வான் பிடிக்கட்டோ?" என்றார் அண்ணா அலுப்போடு.

கந்தளாய்...

முன்பொருமுறை கந்தளாய்க் குளக்கட்டில் அம்மா இரத்தத்தில் சீனி குறைந்து மயங்கி விழுந்தது நினைவுக்கு வந்தது.

"அண்ணா, அம்மா எங்க?"

அப்பாவின் கதிரைக்கு நேரே தெரியும் குசினிக்கு ஓடினோம். அம்மா அடுப்படி நிலத்தில் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. நல்லவேளை, நினைவு முழுதாகத் தப்பவில்லை. நான் தலையைத் தாங்க, அண்ணா சீனித்தண்ணீர் கரைத்துப் பருக்கினார். கொஞ்ச நேரத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் இப்பிடிப் பாக்கிறீங்கள்?" என்றார்.

அண்ணா நேரே போய் அப்பாவின் முன்னால் குந்தினார்.

"ஓம் அப்பா... கந்தளாய்தான். அம்மா எழும்பிட்டா."

சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, இப்போது அப்பா நன்றாகக் கதைக்கிறார். தேத்தண்ணி வேண்டுமென்றால் தேத்தண்ணி என்றே கேட்கிறார். சந்தோசம்தான்...

ஆனால், வீட்டில் எல்லோருமே சரியான சொல்லைச் சொல்வதாலோ என்னவோ, பாதியை ஒருவரும் காதில் வாங்குவதில்லை. அந்த நாட்களில் அப்பா வாய் திறந்தாலே போதும்... மூன்று பேரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம்.