எண் பதினான்கின் இடது கை

அந்தப் படத்தில் அவருடைய இடது கை தெரியாது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அளவுகோலை ஒட்டி நிற்கிறார். மார்பில் தொங்கும் பலகையில் பதினான்கு என்ற எண். பிரெஞ்சுக்காரர் காலத்தில், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளக்க வந்த ஒரு குழு எடுத்த படம். ஆவண அறையிலிருந்து அதை எடுத்துப் பெரிதாக்கி எங்கள் வட்டாட்சியர் அலுவலக முகப்புக் கூடத்தில் மாட்டியவன் நான். ‘இருளர் பழங்குடி ஆண், அம்பகரத்தூர்’ என்று கீழே எழுதியதும் நான்தான். வருகிற அதிகாரிகளெல்லாம் பாராட்டினார்கள்.

அந்தக் கூடத்தைத் தினமும் பெருக்கும் அம்மாள் ஒருநாள் துடைப்பத்தோடு நின்றுவிட்டார்.

“சார், இது எங்க பாட்டனாருங்க.”

“பேரே இல்லையேம்மா, எப்படிச் சொல்றே?”

“பாம்பு கடிச்சி சுண்டு வெரலை அவரே வெட்டிக்கிட்டாருங்க. வெள்ளக்காரன் அளக்க வந்தப்ப, மூளி வெரலப் பாத்துச் சிரிப்பானுவோன்னு கைய மறைச்சிக்கிட்டாராம். எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

அந்த அம்மாளின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கப் பழங்குடிச் சான்று வேண்டும். முன்னோர் பற்றிய ஆவணம் இல்லையென்று எங்கள் அலுவலகமே இரண்டு முறை மனுவைத் திருப்பியிருந்தது. மூன்றாம் முறை இந்தப் படத்தையே ஆதாரமாகக் காட்டினார். ‘படத்தில் பெயர் இல்லை, தெரியாத விரல் ஆவணமாகாது’ என்று அழகான கையெழுத்தில் குறிப்பு எழுதினேன். சுவரில் பழங்குடியாக நிற்கப் பாட்டனாருக்குப் பெயர் தேவைப்படவில்லை. கோப்புக்குள் வரத்தான் தேவைப்பட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் குழு ஒவ்வொருவரையும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று எடுத்திருந்தது. குறிப்பு எழுதும் முன் ஆவண அறைக்குப் போய், படப் பெட்டியைத் திறந்து பதினான்கின் பின்பக்கப் படத்தைப் பார்த்தேன். முதுகில் மடங்கிய கையில் சுண்டு விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முண்டுதான் இருந்தது. ஆனால் மனுவில் பின்பக்கப் படம் கேட்கப்படவில்லையே! கேட்காததைக் கொடுக்க விதியில் இடமில்லை. பெட்டியை மூடினேன்; மனுவைத் திருப்பினேன்.

“சரிங்க சார்” என்றார் அந்த அம்மாள். மறுநாளும் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். மகள் இப்போது கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறாள்.

ஓய்வுபெற்று இத்தனை காலம் கழித்து, போன வாரம் பழைய அலுவலகத்துக்குப் போனேன். பின்பக்கப் படத்தின் நகலை வாங்கி அந்த அம்மாளிடம் சேர்க்க வேண்டும் என்று எண்ணம். புதிய எழுத்தர் எழுந்து நின்று, படிவத்தை நீட்டினார். என் பதவிக்காலத்தில் நான் தயாரித்த படிவம்.

“ஒங்களுக்குத் தெரியாததா சார்? இந்தக் கட்டத்த மட்டும் நெரப்பிடுங்க. படத்துல இருக்குறவருக்கு நீங்க என்ன ஒறவு?”

பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தேன். எதிர்ச்சுவரில், கையை மறைத்தபடி, பதினான்கு. என் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.