அமாவாசையன்று எந்த மரம் முட்டியது?

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாத அமாவாசை அன்று மதியம் நடந்தது இது. செவிலிமேட்டில் இருக்கும் என் தங்கையைப் பார்த்துவிட்டு, காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு வரும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் எப்போதும் கூட்டம் நெரியும். அன்று ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பட்டு நெய்கிற குடும்பம். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான். தறியில் உட்கார்ந்து பழகாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நெய்த சேலையைச் சுருட்டிக்கொள்ளும் கட்டைக்குப் படைமரம் என்று பெயர். அது நெய்கிறவருக்கு நேர் எதிரே, மார்புக்குக் கீழே இருக்கும். குனிந்து நெய்யும்போதெல்லாம் முட்டும். கால்களைத் தொங்கவிடத் தரையில் ஒரு குழியும் உண்டு. அதனால் எங்கள் தெருவில் யாருக்கு நெஞ்சில் என்ன செய்தாலும் படைமரத்தின் மேல்தான் பழி விழும். தலை சுற்றினால் குழியிலிருந்து வெடுக்கென்று எழுந்ததால் என்பார்கள். டாக்டரிடம் போவதற்கு முன்பே எங்களிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்.

எனக்கும் சில மாதங்களாக நெஞ்சுக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தது. வலி கிடையாது. திடீரென்று, வாளியில் விட்ட மீன் துள்ளுகிற மாதிரி உள்ளே படபடவென்று அடித்துக்கொள்ளும். கூடவே மூச்சு வாங்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மலை ஏறியது போல் ஓய்ந்துபோவேன். சில சமயம் கண் இருட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கிவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா, கேட்ட உடனே, "படைமரம்தாம்மா, வேற இன்னா?" என்று சொல்லிவிட்டு விளக்கெண்ணெய் தடவிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு பழைய துண்டை மடித்துப் படைமரத்தில் கட்டிவிட்டார். அதற்கு மேல் அவருக்கு வைத்தியம் தெரியாது, பாவம். தங்கை நச்சரித்ததால் ஒரு டாக்டரிடமும் போனேன். அங்கே ஈசிஜி எடுத்தபோது என் நெஞ்சு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் என்ன, தெருவே சேர்ந்து சொன்னது சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு பஸ்ஸில் அதே படபடப்பு ஆரம்பித்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டொரு வயது இளையவராக இருக்கலாம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, சின்னதாக ஒரு வெள்ளிச் சிலுவை, மடியில் சாப்பாட்டுப் பை. மதிய ஷிப்ட்டுக்குப் போகிறவர் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இன்னாக்கா, நெஞ்ச புடிச்சிக்கினு இருக்கீங்க? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லமா. நான் தறி நெய்யிறவ. படைமரம் முட்டி முட்டி இப்பிடித்தான் அப்பப்ப அடிச்சிக்கும்" என்று சொல்லி, படைமரம் என்றால் என்ன என்று அவருக்கும் ஒரு பாடம் நடத்தினேன்.

"தறியில இருந்து எழுந்து நேரா வர்றீங்களா?"

"இல்லமா. இன்னிக்கு அமாவாசை. அமாவாசைக்கு நாங்க தறியில ஒக்கார மாட்டோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இன்னிக்கு எந்த மரம்க்கா முட்டுச்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தறியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர் என்னைக் கேள்வி கேட்கிறாரே என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். காலையிலிருந்து தறிப் பக்கமே போகவில்லை. தங்கை வீட்டில் உட்கார்ந்து வடை சாப்பிட்டதைத் தவிர எந்த வேலையும் செய்யவில்லை. இத்தனை மாதங்களில் இந்தச் சின்ன விஷயம் எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ தோன்றவே இல்லை. தறி இல்லாத நாட்களிலும் அது வந்திருக்கிறது என்பது அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"உள்ள எப்பிடி அடிக்குதோ அதே மாதிரி இந்தக் கம்பியில வெரலால தட்டிக் காட்டுங்க" என்றார் அவர்.

முன் சீட்டுக் கம்பியில் தட்டினேன். வேகமாக மூன்று, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு ஒன்று, அப்புறம் தடதடவென்று கணக்கில்லாமல். நானே கவனித்துப் பார்த்ததில்லை. வேகமாக அடிக்கிறது என்றுதான் நினைத்திருந்தேனே தவிர, தாறுமாறாக அடிக்கிறது என்று தெரியாது. என் விரலைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "எறங்குங்கக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்மா."

"அடங்கிட்டா ஈசிஜில ஒண்ணும் தெரியாதுக்கா. அடிச்சிக்கினு இருக்கும்போதே எடுக்கணும்."

போன தடவை ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வண்டி கிளம்பப் போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். "நான் வர்ல, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். முன்பின் தெரியாத எனக்காக அவருக்கு ஒரு நாள் வேலை போயிற்று. நானோ அப்போதும், ஒன்றுமில்லாததற்கு இவர் ஊரைக் கூட்டுகிறாரே என்றுதான் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஈசிஜி எடுத்த நர்ஸ் காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூட்டிவந்தார். அப்போதுதான் என் முணுமுணுப்பு நின்றது. டாக்டர் நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா துடித்துக்கொண்டிருக்கின்றனவாம். அதனால்தான் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, அசதி, தலைசுற்றல் எல்லாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். வலியே இல்லையே டாக்டர் என்றேன். இதற்கு வலி இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, நிறையப் பேர் ஏமாறுவதே அதில்தான் என்றார். படபடப்பு எல்லாமே இந்த நோய் ஆகிவிடாது, ஆனால் எது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாயிற்று. அவர் வரும்வரை அந்தப் பெண் போகவில்லை. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் வேன் ஓட்டிக்கினு இருந்துச்சுக்கா. இதே மாதிரி நெஞ்சு அடிச்சிக்கும். வண்டி ஒதறல்தான்னு சொல்லும். நாங்களும் நம்பிட்டோம். ஒரு நாள் காலையில பல்லு வெளக்கிக்கினு இருந்தது, அப்பிடியே சாஞ்சிடுச்சு. ஒரு பக்கம் கை காலு வர்ல. பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் எங்கள கேட்டாரு, முன்னாடி எப்பிடி அடிச்சிக்கும்னு சொல்லிச்சா, தட்டிக் காட்டிச்சான்னு. எங்களுக்கு இன்னா தெரியும்? நாங்க கேட்டதே இல்லியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து நின்றபோது, யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒன்று என்று இன்றுவரை சாப்பிடுகிறேன். காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காதாம், அதனால் கத்தி, பிளேடு என்றால் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. தறியில் உட்காருகிறேன், நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுக்கிறேன், சண்டையும் போடுகிறேன். படைமரமும் வழக்கம்போல் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தெருவில் யாராவது நெஞ்சு படபடக்கிறது என்றால், விளக்கெண்ணெய் வருவதற்கு முன் நான் போய் நிற்கிறேன். தட்டிக் காட்டு என்று உயிரை எடுக்கிறேன் என்று எனக்குப் பெயர்.

உடம்பு தேறியதும் நானும் என் வீட்டுக்காரரும் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு அந்த பஸ் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அவர் அண்ணன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான, களையான மனிதர். அந்தப் பெண் அண்ணன் காதருகே குனிந்து, பஸ்ஸில் பார்த்தேன் என்று சொன்னேனே, அந்த அக்கா இவர்தான் என்று சொன்னார். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நல்லாயிருக்கிற இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. நாடியைப் பார்க்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சீராக இருந்திருக்க வேண்டும். "ம்" என்று தலையை ஆட்டிச் சிரித்தார்.

தனக்குக் கிடைக்காமல் போனது இன்னொருத்திக்குக் கிடைத்ததற்காக ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை; அன்றிலிருந்து உடம்பைப் பற்றி அலட்சியமாக "ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.