பூந்தமல்லி சாலையில் ஆர்கன் துருத்திக்காரருடன்

இன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மாசிலாமணியை வேப்பேரி தேவாலயத்திலிருந்து ஜட்கா குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

இப்போது ஆறரை. பூந்தமல்லி சாலையோரம் நிற்கிறோம். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே மேற்கே போகிறது. தையல் மெஷினைத் தலையில் சுமந்து ஒருத்தி நடக்கிறாள். என் மகள் கிரேஸ் இன்னும் வரவில்லை.

அவள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். இருநூறு வருஷங்களுக்கு முன் ஒரு ஜெர்மானியர் எழுதிய இசையை மாலை ஆராதனையில் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றாள். துருத்தி அடிக்க ஆளில்லாவிட்டால் ஆர்கன் ஊமை. அதனால் துருத்தி அடிக்கும் மாசிலாமணியை அவளிடம் சொல்லாமல் அழைத்து வந்துவிட்டேன். வாசிக்க வழியில்லாமல் போதகரின் காரில் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நாங்கள் நிற்கும் இந்த இடம்தான் மாசிலாமணிக்குச் சொந்த ஊர். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்திருக்கிறார்.

"பாப்பா அங்க என்னைத் தேடிகினு கீதோ இன்னாவோ, ஐயா."

"நீ இல்லாம எப்படி வாசிப்பா? வந்துருவா."

"பெத்தவரு நீங்க, உங்களுக்கே தெரியலயே. பாதியில உட்டுட்டு எந்திரிக்கிற பொண்ணா அது?"

சாலையில் வரும் ஒவ்வொரு காரையும் எழுந்து நின்று பார்க்கிறேன்.

ஏழரைக்குப் போதகரின் கார் வந்து நிற்கிறது. பின் இருக்கையில் மூட்டைகள் மட்டுமே தெரிகின்றன. போதகர் இறங்கி என் கையைப் பிடிக்கிறார்.

"துருத்தி அடிக்க ஆள் கூட்டிட்டு வர்றேன்னு நாலு மணிக்கு வெளியே போனா. திரும்பி வரல. உங்ககூட வந்துட்டான்னு நெனச்சோம்."