ரன்வா போட்ட கூச்சல்

ஃபரோ தீவுகளின் பெண்கள் கால்பந்து அணியில் ரன்வா பதினாறு வருடம் தற்காப்பில் ஆடினாள். அறுபத்திரண்டு ஆட்டங்கள், ஜெயித்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். சுண்டைக்காய் நாடு, வேறென்ன ஆகும்? ஞாயிறன்று பெரிய நாட்டிடம் ஆறு கோல் வாங்கிவிட்டு, திங்கள் காலை ஏழு மணிக்கு சால்மன் மீன் ஆலையில் கத்தியோடு நிற்கவேண்டும். அவளும் நின்றாள். ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தற்காப்பு வரிசையில் ஒரு கண்டிப்பு உண்டு. நடுவில் நிற்பவள் "ஏறு!" என்று கத்தினால் நால்வரும் ஒன்றாக முன்னே ஓடவேண்டும். பின்னால் தனித்துவிடப்படும் எதிராளி ஆஃப்சைடு ஆகிவிடுவாள், அவள் அடிக்கும் கோல் செல்லாது. ஒருத்தி தங்கிவிட்டாலும் எல்லாம் பாழ்.

பதினோரு வருடத்துக்கு முன் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில் ஒரு தகுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று, இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் அடுத்த சுற்று. ரன்வாதான் கத்தினாள். பக்கத்தில் நின்ற அவள் சிநேகிதி தூரிட் ஒரே பாய்ச்சலாக முன்னே போனாள். கத்தியவளோ பயந்துபோய்ப் பின்னால் நின்றுவிட்டாள். தூரிட் விட்டுவிட்டுப் போன எதிராளி, ரன்வா பின்னால் நின்றதால் ஆஃப்சைடு ஆகாமல் கோல் அடித்தாள்.

உடை மாற்றும் அறையில் கோச் கேட்டார்: "யாரு ஏறச் சொன்னது?"

"ரன்வா சொன்னா. என் காதால கேட்டேன்," என்றாள் தூரிட்.

"நான் சொல்லவே இல்ல. காத்துச் சத்தமா இருக்கும்," என்றாள் ரன்வா.

அந்தத் தீவுகளில் காற்றின் மேல் பழி போட்டால் மறுபேச்சு கிடையாது. பழி தூரிட் தலையில் விழுந்தது; அதன்பின் அவள் நாட்டுக்காக ஆடவே இல்லை. ஒரே ஆலையில், ஒரே மேசையில் மீன் அறுத்தபடி ரன்வா தினமும் அந்த முகத்தைப் பார்த்தாள். பாவி, ஒரு நாளாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ரன்வா ஓய்வுபெற்ற வாரம் தூரிட் அவளைக் காபிக்குக் கூப்பிட்டாள். தானே பின்னிய கம்பளிச் சட்டையை ரன்வாவின் மடியில் வைத்து, "போட்டுப் பாருடி" என்றாள்.

ரன்வாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அன்னிக்கு நான்தான்டி கத்துனேன். கத்திட்டு நான் ஏறல. கோச்கிட்ட பொய் சொன்னேன்."

தூரிட் கோப்பையைக் கீழே வைத்தாள். "கோல் போனா போகுது, விடு. அன்னையிலேருந்து என்னையே நான் நம்பலடி. என் பொண்ணு பெய்ன்டா ஏழு வயசுல டீம்ல சேரணும்னு அழுதா. 'உனக்கும் என் புத்திதான் இருக்கும், வேண்டாம்'னு சொல்லி பூட்ஸைப் பிடுங்கி வெச்சேன்."

"என்னை மன்னிச்சிடு."

"என்கிட்ட ஏன் கேக்குற?" தூரிட் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பெய்ன்டா! கீழ வா. ரன்வா அத்தை உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

படிகளில் தடதடவென்று சத்தம். பதினெட்டு வயதுப் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அவளுக்கு ரன்வா அத்தை என்றால் உயிர்.